இரண்டாம் பதிப்பு மட்டும்

8 ஏப்ரல், திங்கள்

மாவு பொங்கி ஃப்ரிட்ஜின் அடித்தட்டு முழுக்க வழிந்திருந்தது. துடைத்து முடித்து உட்கார்ந்தால், எங்கள் மென்பொருளை என்னோடு சேர்ந்து கவனித்துக்கொள்ளும் திருமாறனிடமிருந்து மின்னஞ்சல். ஆறு பத்தி. நல்ல செய்தி சொல்ல யாருக்கும் ஆறு பத்தி தேவைப்படாது.

விஷயம் இதுதான். செல்பேசித் திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும் எங்கள் 'செவிவழி' மென்பொருள், இனி வரும் செல்பேசிகளில் வாயே திறக்காது. அதிலுள்ள பழைய குரல் நிரலை அவை ஏற்பதில்லை. புதிய குரல் நிரல் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எதை எதோடு சேர்த்து வெளியிடலாம் என்று சொல்லும் உரிமம் அதற்கு அப்பாச்சி, எங்களுக்கு ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு. இரண்டையும் கலந்து வெளியிட முடியாது. நாங்கள் மூன்றாம் பதிப்புக்கு மாறினால் கலக்கலாம். மாற வேண்டுமானால் எழுதியவர்கள் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும்.

விழித்துணை அறக்கட்டளை பிளஸ் டூ மாணவர்கள் நூற்று நாற்பது பேருக்குப் புதுச் செல்பேசி கொடுக்கப்போகிறது. பள்ளி திறக்கும்போது அதில் செவிவழி பேச வேண்டும். 'எல்லாக் கோப்புகளின் உரிமமும் ஒழுங்காக உள்ளது' என்று பொறுப்பாளர் கையெழுத்திட்ட கடிதம் மே 31க்குள் வேண்டும் என்கிறார் அவர்களுடைய வக்கீல். பொறுப்பாளர் நான். பதினொரு வருடமாக நான்.

கடைசி வரியில் ஒரு கேள்வி: 'அக்கா, எண் கோப்பை எழுதியது யார்?'

இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் இருக்கும்போது, எண்களை வாசிக்கவைக்கும் அது ஒன்றை மட்டும் ஏன் கேட்கிறான்? 'நான்தான் ஏற்றினேன்' என்று பதில் போட்டேன்.

9 ஏப்ரல், செவ்வாய்

இராச் சாப்பாட்டின்போது ஞானவேலுக்கு உரிமச் சிக்கலை விளக்கினேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் மனிதர். எதைச் சொன்னாலும் தண்டவாளத்தில் ஏற்றிப் பார்ப்பார்.

"மீட்டர் கேஜ் பெட்டிய பிராட் கேஜ்ல ஓட்டுற கதையா?"

"அதேதான். எழுதினவங்க 'இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது'ன்னு போட்டிருந்தா நாமளே சக்கரத்த மாத்திக்கலாம். 'இரண்டாம் பதிப்பு மட்டும்'னு போட்டிருந்தா அவங்களக் கேக்காம தொடக்கூடாது."

"உங்க ஆளுங்க எப்படிப் போட்டிருக்காங்க?"

"எல்லாத்துலயும் 'பிந்தையது'தான். நான்தான போட்டேன்."

"எழுதினவங்கதான போடணும்?"

ரசம் ஆறிக்கொண்டிருந்தது. ஊற்றினேன்.

2016 நவம்பரில் நடந்ததை அவருக்கு முழுதாகச் சொல்ல அலுப்பாக இருந்தது. அப்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உரிமக் குறிப்பு இருந்தால்தான் செவிவழியைத் தங்கள் தொகுப்பில் சேர்ப்போம் என்று ஒரு லினக்ஸ் குழு சொன்னது. நான் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். ஒரே பிற்பகலில் அப்போதிருந்த எல்லாக் கோப்புகளின் தலையிலும் ஒரே அச்சாகக் குறிப்பு ஏறிவிட்டது: என் பெயர், ஆண்டு, உரிமம். தலையில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிடும்படி எழுதியிருந்தேன். இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குறிப்பு நிற்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். எல்லோரும் பாராட்டினார்கள்.

12 ஏப்ரல், வெள்ளி

இதுவரை செவிவழிக்கு எழுதியவர்கள் என்னைச் சேர்க்காமல் இருபத்து மூன்று பேர். மூன்றாம் பதிப்புக்குச் சம்மதம் கேட்டு இன்று அஞ்சல் போட்டேன், இருபத்திரண்டு பேருக்கு. இன்னொருவருடைய முகவரி பழையது, வேலை செய்யாது.

பிறர் எழுதி அனுப்பியதில் ஒரு வரியைக்கூட நான் படிக்காமல் சேர்த்தது கிடையாது. பதினொரு வருடத்தில் ஒரு வரி கிடையாது. சேர்ப்பதற்கான 'மெர்ஜ்' பொத்தானை அழுத்துமுன் காற்புள்ளி வரை பார்ப்பேன், ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பேன். இதனால் சிலருக்குப் பொறுமை போனதுண்டு. போனவர்கள் போகட்டும். இன்றுவரை செவிவழி யார் கையிலும் உளறாமல் பேசுகிறதென்றால் அதனால்தான்.

16 ஏப்ரல், செவ்வாய்

ஆரோக்கியமேரி டீச்சர் கூப்பிட்டார். பாலக்கரையில் இருக்கிறார். அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறார், பிறவியிலேயே பார்வை இல்லை. செவிவழி தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் எங்கள் பரிசோதகர்.

"மேடம், பரீட்ச அட்டவணைல 15.4ன்னு தேதி போட்டிருக்காங்க. இது பதினஞ்சு புள்ளி நாலுங்குது."

தேதி எது, தொலைபேசி எண் எது, ஆண்டு எது, மூன்றரை மணி எது என்று பிரித்து வாசிக்கவைப்பது எண் கோப்பு. ஆயிரத்து இருநூறு வரி. செவிவழியிலேயே அழகான கோப்பு அதுதான். அதில் என்னைத் தவிர யாரும் கைவைக்கக்கூடாது என்பது வெகு நாளைய ஏற்பாடு. ஆனால் நான் பாடம் எடுக்கும் பாலிடெக்னிக்கில் விடைத்தாள் கட்டுகள் குவிந்து கிடந்தன. போகட்டும் என்று திருமாறனைக் கூப்பிட்டேன்.

"எண் கோப்புல ஒரு தேதிப் பிழை. நீயே தொறந்து பாத்து சரி பண்ணிடு."

"இல்லக்கா. நான் அதத் தொறக்கல."

"ஏன்?"

"வேணாங்க்கா. நீங்களே பண்ணிடுங்க."

ஐந்து வருடமாக இணைப் பொறுப்பாளர். எனக்கும் எண் கோப்பில் வேலை கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டவன். இப்போது இலையில் போட்டதை நகர்த்தி வைக்கிறான். இரண்டே வரியில் நானே சரிசெய்தேன். மனது சரியாகவில்லை.

19 ஏப்ரல், வெள்ளி

தேர்தல் பணி, மணிகண்டம் பக்கம். மின்விசிறி ஓடவில்லை. விரல் மை என் சேலையில்.

21 ஏப்ரல், ஞாயிறு

உரிம வேலையை உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம், தஞ்சாவூரிலிருந்து ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று திருமாறனைக் கூப்பிட்டிருந்தேன். இந்த ஞாயிறு முடியாது, வீட்டில் வேலை என்றான். சரி என்றேன்.

மதியம் ஞானவேல் மீன் வாங்கிக்கொண்டு வந்து பையைக் கீழே வைக்கும்போதே கேட்டார்.

"உன் தஞ்சாவூர்த் தம்பி இங்க வந்துட்டுப் போனாரா?"

"இல்லியே. ஏன்?"

"பாலக்கரை ஸ்டாப்புல நின்னாரு. காதுல ஹெட்போனு. கூப்பிட்டேன், திரும்பல."

விரால் நன்றாக இருந்தது என்று அவர் சொன்னார். நான் சாப்பிட்டதாக நினைவில்லை.

24 ஏப்ரல், புதன்

அவனாகவே கூப்பிட்டான். பத்து நிமிடம் எதையெதையோ பேசிவிட்டு, "எண் கோப்பு... மொதல்ல யாருக்கா எழுதுனது?" என்றான்.

"நாமல்லாம் சேந்துதான். ஆளாளுக்கு ஒரு வரி."

"நான் எழுதலியே."

"நீ வர்றதுக்கு முன்னாடி."

"சரிக்கா."

அந்த 'சரிக்கா' எனக்குப் பிடிக்கவில்லை. பாலக்கரையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

இன்று துணி துவைத்தபடியே யோசித்துக் கோத்துப் பார்த்தேன். திருமாறன் வீட்டிலிருந்தபடி ஒரு சென்னை நிறுவனத்துக்கு வேலை செய்கிறான். அந்த நிறுவனமும் குரல் மென்பொருள் தயாரிக்கிறது. மூன்றாம் பதிப்புக்கு மாற வேண்டும் என்று முதலில் சொன்னது அவன். வக்கீலோடு பேசுவதும் அவன். எண் கோப்பு யாருடையது என்று துருவுவதும் அவன். தமிழில் எண்ணை இவ்வளவு ஒழுங்காக வாசிக்கும் நிரல் வேறெங்கும் இல்லை. அது வேண்டும் அவர்களுக்கு.

மூன்றாம் பதிப்பானாலும் அதை யாரும் மூடி வைத்து விற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தேகம் போகவில்லை. தொட்டியில் தண்ணீர் வழிந்து மாடிப்படியில் இறங்கிய பிறகுதான் மோட்டாரை நிறுத்தினேன்.

4 மே, சனி

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. எனக்குள்ளேயும்.

திருமாறனுடைய சொந்தக் கணக்கில் செவிவழியின் பிரதி ஒன்று இருப்பது தெரியும். இன்று அதைத் திறந்தேன். அதில் என்னிடம் சொல்லாமல் ஒரு கிளை, அதாவது தனியாகத் திருத்திய வடிவம், வைத்திருக்கிறான். கிளையின் பெயர் 'பெயர்'. முப்பத்தெட்டு கோப்புகளைத் திருத்தியிருக்கிறான். நீக்கிய வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் தெரியும். முப்பத்தெட்டிலும் சிவப்பு வரி ஒன்றேதான்: 'காப்புரிமை: வசுமதி ஞானவேல்'.

கோப்பு கோப்பாக என் பெயரை அழித்திருக்கிறான். பதினொரு வருடம். விடுமுறை, தீபாவளி, தங்கை கல்யாணம் என்று பார்க்காமல் உட்கார்ந்து வளர்த்தது.

பச்சை வரிகளில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

5 மே, ஞாயிறு

செவிவழிக் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில் திருமாறனுக்கு இருந்த அனுமதியை நீக்கினேன். நான்கு சொடுக்கு. பிறகு வெண்டைக்காய் நறுக்கினேன்.

8 மே, புதன்

இருபத்திரண்டு பேரும் சம்மதம் அனுப்பிவிட்டார்கள். கடிதத்தில் 'அனைவரும்' என்று எழுதலாம். அஞ்சல் போட்ட அனைவரும்.

சாயங்காலம் திருமாறன் பேசினான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அனுமதிய எடுத்துட்டீங்க போல."

"ஆமா."

"பரவால்லக்கா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எண் கோப்பு நீங்க எழுதுனதா?"

"மொத வரியப் பாரு. யாரு பேரு இருக்கு?"

"நான்தான் தொறக்க மாட்டேன்னு சொன்னேனேக்கா."

அவனே போனை வைத்தான். வக்கீல் அனுப்பிய மாதிரிக் கடிதத்தை அச்செடுத்தேன். கையெழுத்து இடத்தில் பேனாவை வைத்து எடுத்தேன். இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது, என்ன அவசரம்.

12 மே, ஞாயிறு

பாலக்கரையில் அவனுக்கு யாரைத் தெரியும் என்று யோசித்தால் ஒரே ஒரு பெயர்தான் வருகிறது. பதினொரு மணிக்கு ஆரோக்கியமேரி டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடி. மோர் கொடுத்தார்.

"திருமாறன் இங்க வர்றாரா டீச்சர்?"

"வர்றாருங்களே. ரெண்டு மாசமா ஞாயித்துக்கெழம தவறாம. நான் பூசை முடிஞ்சு வர்றதுக்குள்ள கீழ கடைல வந்து உக்காந்திருப்பாரு. போன வாரந்தான் வரல, மனசு சரியில்லன்னாரு."

"எதுக்கு வர்றாரு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூசியது. அவரே சொன்னார். ரயில் டிக்கெட், காலண்டர், வரலாற்றுப் புத்தகம் என்று அவன் கொண்டுவருவான். அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் இலக்கம் இலக்கமாகச் சொல்வான். அது காதில் எப்படி விழ வேண்டும் என்று டீச்சர் சொல்வார். அவன் பதிவுசெய்துகொள்வான். 1947 என்றால் ஆண்டாக இருந்தால் எப்படி, ஆள் கணக்காக இருந்தால் எப்படி. பிளாட்பாரம் எண் எப்படி. இப்படி எண்ணூற்றுச் சொச்சம்.

"செவிவழி எப்படிச் சொல்லுதுன்னு மட்டும் சொல்லிராதீங்க டீச்சர், உங்க காதுக்கு எப்படி வேணுமோ அதச் சொல்லுங்கம்பாரு. ஒரு நாள் நான் வாய்தவறி, செவிவழி இத மூன்றரைங்குமேன்னுட்டேன். அன்னிக்கு எழுதுனது பூரா அழிச்சுட்டாரு. எனக்கே பாவமாப் போச்சு."

"எதுக்கு இதெல்லாம்?"

"அதத்தான் நானும் கேட்டேன். மீரான் சார் எழுதுனது நல்லாத்தான இருக்கு, புதுசு எதுக்குன்னு. சும்மா ஒரு காப்புக்குன்னாரு."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். மீரான் எழுதியது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். குரல் சாதாரணமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

"நீங்கதான் மேடம். எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல, ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல. மேலப்பாளையத்துல மீரான்னு ஒரு தம்பி, நம்பரெல்லாம் வாசிக்க வெச்சது அவருதான், எல்லாரும் கைதட்டுங்கன்னீங்க. தட்டினோமே. ஏன் மேடம், அவரு நல்லா இருக்காருல்ல?"

நல்லா இருக்கார் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

அதே நாள், மாலை

எழுதிவிடுகிறேன். வேறு எங்கும் சொல்லாததை இதிலாவது.

எண் கோப்பு மீரானுடையது. அப்போதெல்லாம் எல்லோரும் அஞ்சல் குழுவில் ஒரு கடிதம் போட்டுவிட்டு ஜிப் கோப்பாக எனக்கு அனுப்புவார்கள், நான் படித்துவிட்டு என் கணக்கிலிருந்து ஏற்றுவேன். மீரான் அனுப்பியதைப் படிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன். வரிக்கு வரி விளக்கம் கேட்டேன். எங்கேயோ பார்த்து எழுதியிருப்பார் என்று சந்தேகம். அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த வருடம் அவர் இன்னொரு கோப்பு அனுப்பினார், அதற்கும் நான் அதையே தொடங்கினேன். 'மேடம், உங்களுக்கு ஆளையே நம்ப முடியாதா?' என்று ஒரு வரி எழுதிவிட்டு விலகிவிட்டார்.

நவம்பரில் என் நிரல் ஓடியது. மறுநாளே எனக்குத் தெரியும். எண் கோப்பின் தலையில் அவர் பெயரும் 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்ற வரியும் இருந்த இடத்தில் என் பெயரும் 'பிந்தையது' என்பதும் இருந்தன. திருப்பிப் போட ஒரு நிமிடம் ஆகியிருக்காது. போனவர்தானே என்று விட்டேன். அடுத்த வருடம் பழைய சர்வரை மூடிப் புது இடத்துக்கு மாறினோம். யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற வரலாறு அங்கேயே போயிற்று. எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

அந்த முப்பத்தெட்டு பச்சை வரிகளிலும் இருந்தது வேறு வேறு பெயர்கள். அவரவர் கோப்பில் அவரவர் பெயர். நான்காம் தேதியே படித்தேன். படித்துவிட்டுத்தான் மறுநாள் அவன் அனுமதியைப் பிடுங்கினேன்.

13 மே, திங்கள்

காலையில் முதல் வேலையாகத் திருமாறனின் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"எண் கோப்பு மீரானுது" என்றேன்.

"மூணு தடவ கேட்டேன்க்கா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பிப்ரவரில. பழைய அஞ்சல் குழு இன்னும் இருக்குல்ல, அதுல ஒவ்வொருத்தரும் எத அனுப்புனாங்கன்னு கடிதம் கெடக்கு. மீரான் சார் கடிதத்துல அடியில உரிமம் எழுதியிருக்காரு. மட்டும்னு."

"அப்பவே என்கிட்ட நேராச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க கோப்பத் தொறந்து வெச்சு, இது அவரு வரி, இது நான் திருத்துனதுன்னு எனக்குக் காட்டுவீங்க. உங்களத் தெரியாதா. அவரு சம்மதிக்கலன்னா அதப் புதுசா எழுதணும். படிச்சவன் எழுதக்கூடாது, எழுதுனா அவரோடதுதான் திரும்ப வரும். இத்தன வருஷத்துல நீங்க என்னய அதுல வேல செய்ய விட்டதில்ல, நானும் வீம்புக்குத் தொறந்ததே இல்ல. இப்ப அதுவே நல்லதாப் போச்சு." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அதோட, நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்க்கா."

மன்னிப்பு கேட்டேன். எனக்கு அது வராத வார்த்தை. மென்று மென்றுதான் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

14 மே, செவ்வாய்

மீரானுக்கு எழுதினேன். நடந்ததை நடந்தபடி. பெயரைத் திருப்பிப் போடுகிறேன் என்றும், மூன்றாம் பதிப்புக்குச் சம்மதம் தருவாரா என்றும்.

முகவரி வேலை செய்தது. பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

'வணக்கம் மேடம். பெயரைப் போடுவதாகச் சொன்னதற்கு நன்றி. நான் 'மட்டும்' என்று எழுதியது யோசித்து எழுதியது. இனிமேல் யாரோ எழுதப்போகும் பதிப்புகளுக்கெல்லாம் முன்கூட்டியே கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை. இப்போதும் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒருவேளை உங்களுக்காகச் சம்மதித்திருப்பேன். என் ஆயிரத்து இருநூறு வரியைப் படிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டீர்கள். மேலே இருந்த ஒரு வரியை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டீர்கள். கோப்பை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. மீரான்.'

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது. பாலிடெக்னிக்குக்கு ஒரு மணிநேரம் தாமதமாகப் போனேன்.

18 மே, சனி

முப்பத்தெட்டு கோப்புகளின் தலையிலும் பெயர்களைத் திருப்பிப் போட்டேன். திருமாறனின் கிளையை அப்படியே சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. நிரலும் எழுதவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் அடித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பழைய கடிதத்தைத் தேடிப் படித்தேன். ஒருவர் தன் கோப்பைத் தன் மகளின் முதல் பிறந்தநாளன்று அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் இப்போது நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும்.

கடைசியாக, திருமாறன் தன் கிளையிலும் தொடாமல் விட்டிருந்த எண் கோப்பு. மீரானின் பெயரையும் அவர் வரியையும் போட்டுச் சேமித்தேன். அடுத்த சொடுக்கில் கோப்பையே நீக்கினேன். இந்த முறை அவர் கேட்டுக்கொண்டபடி. செவிவழிக்கு இப்போது எண்ணே தெரியாது. 15 என்று போட்டால் பேசாமல் தாண்டிப்போகிறது.

26 மே, ஞாயிறு

திருமாறன் புதிய எண் கோப்பை அனுப்பிவிட்டான். ஆயிரத்து நானூறு வரி. எழுதியவர் அவன், சொல்லித் தந்தவர் ஆரோக்கியமேரி என்று தலைக்குறிப்பில் இருக்கிறதாம். அவன்தான் சொன்னான். திரையில் 'மாற்றங்களைப் பார்' என்ற பொத்தானும் பக்கத்தில் 'மெர்ஜ்' பொத்தானும் இருக்கின்றன.

மாற்றங்களைப் பார் என்பதில் விரலை வைத்தபோது அவனிடமிருந்து அழைப்பு.

"அக்கா, தொறந்துறாதீங்க."

"படிக்காம எப்படிரா சேக்குறது?"

"நீங்க பழசு பூரா மனப்பாடம். இதப் படிச்சிட்டு இங்க ஒரு வரி மாத்துன்னு சொன்னீங்கன்னா, அது மீரான் சாரோட வரியாத்தான் இருக்கும். உங்களுக்கே தெரியாம வந்துரும்."

"வேற யாராவது படிக்கட்டும்."

"அஞ்சல் குழுவுல ரெண்டு பேரு படிச்சிட்டாங்க. அவங்க பழசப் பாத்ததில்ல. ஆனா மெர்ஜ் பண்றது பொறுப்பாளருதான். அது நீங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

28 மே, செவ்வாய்

ஞானவேலிடம் சொன்னேன். "நீங்க திருகின போல்ட்ட அடுத்த ஆளு தட்டிப் பாக்காம விடுவீங்களா?"

"விட மாட்டோம்."

"நான் பாக்காம விடணுமாம்."

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "நீ பாத்து விட்டதுலதான இத்தன வெனையும்" என்றார். அவர் பாட்டுக்குத்தான் சொன்னார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, அதுதான் அதிகமாக உறைத்தது.

30 மே, வியாழன்

காலை ஆறு மணி. திரையைத் திறந்தேன். ஆயிரத்து நானூறு வரி அந்தப் பக்கம் இருக்கிறது. அவன் ஆண்டுக்கும் ஆள் கணக்குக்கும் எப்படி வித்தியாசம் பிடித்தான்? பின்னத்தை என்ன செய்தான்? எங்காவது ஒரு வரியில் வேறெதையாவது நுழைத்திருந்தால்? இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் எனக்கே என்மேல் சலிப்பாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஜெராக்ஸ் கடையில் காத்திருந்தவனைப் பற்றி இன்னும் இப்படித்தான் கேள்வி வருகிறது எனக்கு.

மெர்ஜை அழுத்தினேன். ஒரு வரியும் படிக்கவில்லை.

பிறகு மோட்டார் போட்டேன். தொட்டி வழியும் முன்பே நிறுத்தினேன்.

31 மே, வெள்ளி

அறக்கட்டளைக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. வக்கீலின் மாதிரியில் இருந்ததை அப்படியே எழுதவில்லை. ஒரு கோப்பின் உரிமத்தை 2016இல் நான் தவறாக மாற்றியதையும், அதை எழுதியவர் சம்மதம் தராததால் அந்தக் கோப்பு நீக்கப்பட்டதையும், அவர் பெயரையும் சேர்த்தேன். கையெழுத்துப் போடும்போது பேனா நிற்கவில்லை.

மாலையில் ஆரோக்கியமேரி டீச்சர் பேசினார். புதுச் செல்பேசி ஒன்றில் செவிவழியை ஏற்றிப் பார்த்தாராம். பின்னால் அது பேசிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. புதுக் குரல், கொஞ்சம் இளசு. ஜூன் பத்து என்று தெளிவாகச் சொன்னது.

"அருமையா இருக்கு மேடம். ஒரே ஒரு எடத்துலதான் தப்பாச் சொல்லுது. இந்த டிக்கெட்ல..."

"டீச்சர், ஒரு நிமிஷம். என்கிட்ட சொல்லாதீங்க."

"ஏன் மேடம்?"

"திருமாறன்ட்ட சொல்லுங்க. அவரு பாத்துக்குவாரு."

சரி என்று வைத்துவிட்டார். அந்தத் தவறு என்ன என்று எனக்குத் தெரியாது.